மாற்று நுரையீரலைக் காக்கும் ஊசியை நாமே வாங்கிக் கொடுக்கலாமா?

வாசகர் கடிதம்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு 47 வயது. முதலில் ரப்பர் பால்வெட்டு, பிறகு ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் இடத்தில் வேலை. நான்கு வருடமாக ஐ.எல்.டி., அதாவது நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய். இப்போது உட்கார்ந்திருந்தால் நிமிடத்துக்கு 3 லிட்டர், நடந்தால் 6 லிட்டர் ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது. நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தமும் ஏறிவிட்டது. குழாய் விட்டுப் பார்த்ததில் சராசரி 34. இரண்டு நுரையீரலையும் மாற்றுவதற்காகச் சென்னையில் ஒரு மருத்துவமனைப் பட்டியலில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அழைப்பு வரும்வரை ஊரிலேயே இருக்கிறார்கள்.

நாத்தனார் மகள் லண்டனில் நர்ஸ். மாற்று நுரையீரல் வைத்த முதல் சில நாட்களில் அது நீர்கோத்து வேலைசெய்யாமல் போகலாம், அழற்சியைத் தணிக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்து அதைத் தடுக்க ஆராய்ச்சி நடக்கிறது என்று அவர் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து வீட்டில் அமைதியில்லை. தெரிந்த மெடிக்கல் ஸ்டோர்காரர் யோசனைப்படி, தினம் 10 மில்லிகிராம் போய்க்கொண்டிருந்த வைசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை 40 ஆக்கி ஐந்து வாரம் ஆகிறது. எடை 75 கிலோவிலிருந்து 79 ஆகிவிட்டது. உயரம் 168 சென்டிமீட்டர். முட்டுவலிக்குத் தினம் ஒரு அசிக்ளோஃபெனாக், காலையில் சீந்தில்கொடிக் கஷாயம். இதற்கிடையில் ஒருவர், “அந்த வெளிநாட்டு ஊசியை 4 லட்சத்துக்கு வரவழைத்துத் தருகிறேன்” என்கிறாராம்.

வாசகியின் கேள்விகள் நான்கு. அந்த ஊசியை வாங்கலாமா? மருத்துவமனையில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே, மறைக்கிறார்களா? தானம் தருபவர் புகைபிடித்தவர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? “என் நெஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே வராதே, எடுத்துக்கொள்ள மாட்டார்களா?”

மருத்துவர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போகும்முன் ஒரு வேலை இருக்கிறது. இதை வாசித்த கையோடு செய்துவிடுங்கள். உங்கள் ஃபைலில் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரின் எண் இருக்கும். அவரைக் கூப்பிட்டு, ஐந்து வாரமாக வைசோலோன் 40 மில்லிகிராம் போகிறது என்று சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். அதே சமயம், பயந்துபோய் நாளைக் காலையிலேயே மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம். இத்தனை வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து ஆள் மயங்கிவிடலாம். சட்டென்று பாதியாக்கினால் பழைய நோய் திமிறிக்கொண்டு எழலாம். எத்தனை நாளைக்கு எவ்வளவு குறைப்பது என்பதை அவர்கள் எழுதித் தருவார்கள்.

பட்டியலில் இருப்பவருக்கு இந்த மருந்து நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டுவதைப் பெரும்பாலான மையங்கள் விரும்புவதில்லை. அறுவையில் புது நுரையீரலின் மூச்சுக்குழாயை உங்கள் கணவரின் மூச்சுக்குழாயோடு சேர்த்துத் தைப்பார்கள். அந்தத் தையல் இடத்துக்கு இரத்த ஓட்டம் இயல்பாகவே குறைவு, ஏனென்றால் மூச்சுக்குழாய்க்கென்று தனியாக உள்ள சின்ன தமனிகளை வழக்கமாக இணைப்பதில்லை. ஸ்டீராய்டு அதிகமாக ஓடிய உடம்பில் அந்த இடம் ஆறத் தாமதமாகும், பிரியவும் கூடும். தொடைத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோனால் வெண்டிலேட்டரிலிருந்து விடுபடுவது சிரமம். சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் நாலு வாரம் தாண்டினாலே நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை நிமோனியாவுக்குத் தடுப்பு மாத்திரை தேவையா என்று பார்ப்பது வழக்கம். அதையும் அந்த ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள்.

அசிக்ளோஃபெனாக் விஷயத்தில் உங்கள் வீட்டில் ஒரு குழப்பம் நடந்திருக்கிறது. அட்டையில் “அழற்சி எதிர்ப்பு” என்று போட்டிருப்பதால் நுரையீரலுக்கும் நல்லதுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டியில் வலியைத் தூண்டும் ஒரு பாதையை மட்டும் அது அடைக்கும்; மாற்று நுரையீரலில் வரும் காயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை அது குறைக்கும். அறுவைக்குப் பின் நிராகரிப்பைத் தடுக்க ஆயுள் முழுக்கப் போடவேண்டிய டாக்ரோலிமஸ் மருந்தும் சிறுநீரகத்தைத்தான் வாட்டும். இப்போதே சிறுநீரகம் தளர்ந்து இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறிவிட்டால் பட்டியலிலேயே சிக்கல் வரலாம். இன்றே விட்டுவிடுங்கள், வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று குழுவிடம் கேளுங்கள். சீந்தில் கஷாயமும் வேண்டாம். எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் பெருமை. அறுவைக்குப் பிறகு நாம் அடக்கிவைக்க வேண்டியதே அந்த எதிர்ப்பு சக்தியைத்தான். கொரோனா காலத்தில் தினமும் அதைக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதல் 72 மணி நேரம்

உங்கள் நாத்தனார் மகள் சொன்னது உண்மையான ஆபத்துதான். மருத்துவமனையில் அதைப் பி.ஜி.டி. என்பார்கள், விரித்துச் சொன்னால் ப்ரைமரி கிராஃப்ட் டிஸ்ஃபங்ஷன். புது நுரையீரல் தைத்து முடித்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வரும் காயம் இது. வீட்டில் எல்லோரும் “உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் போவது” என்று பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். நிராகரிப்பு வேறு, இது வேறு. நிராகரிப்பில் அந்நிய உறுப்பை உடம்பின் எதிர்ப்பு சக்தி அடையாளம் கண்டு தாக்குகிறது. பி.ஜி.டி.யில் நுரையீரல் யாருடையது என்பது பெரிய விஷயமில்லை. இரத்த ஓட்டம் நின்று, குளிரில் இருந்து, மறுபடி இரத்தம் பாயும்போது அது தானே புண்படுகிறது.

காயம் தொடங்குவது தானம் தருபவரின் உடம்பிலேயே. மூளைச்சாவு ஏற்படும் நேரத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் வெள்ளமாகச் சுரந்து, நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்ச் சுவர்களைப் பதம்பார்க்கின்றன. பிறகு குளிர்ந்த திரவத்தால் கழுவிப் பெட்டியில் வைக்கிறார்கள். வெளியே இருக்கும் மணிநேரங்களில் செல்களின் சக்தி தீர்ந்துகொண்டே வருகிறது. கடைசியில் உங்கள் கணவரின் இரத்தம் உள்ளே பாயும்போது, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வீரியமான மூலக்கூறுகள் செல்களைச் சுடுகின்றன. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து ஒட்டுகின்றன, காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொடர் கிளம்புகிறது. குழாய்ச் சுவர் ஒழுக ஆரம்பித்து, காற்று இருக்க வேண்டிய பையில் நீர் நிறைகிறது.

எவ்வளவு மோசம் என்பதைக் கிரேடு 0 முதல் 3 வரை குறிப்பார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடவே, தமனி இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, மெஷின் கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுப்பார்கள். 60 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் அழுத்தம் 90 என்றால், 90-ஐ 0.6-ஆல் வகுக்க 150. எக்ஸ்ரேயில் வெண்படலமும் இருந்து, இந்த எண் 200-க்குக் கீழே போனால் கிரேடு 3. 200 முதல் 300 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 1. படலமே இல்லாவிட்டால் கிரேடு 0. முதல் சில மணி நேரத்தில் கிரேடு 3 வந்து, மறுநாளே தெளிந்துவிடுபவர்கள் உண்டு. 48 அல்லது 72 மணி நேரத்திலும் 3-ஆக இருப்பதுதான் கவலை. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவை செய்துகொண்ட 1,255 பேரில் சுமார் 17 சதவீதம் பேருக்கு அந்த நிலை இருந்தது. அவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்களின் பங்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆறில் ஐந்து பேருக்கு அது வரவில்லை என்பதையும் அதே ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அழற்சி தணிக்கும் சிகிச்சை எங்கே நடக்கிறது

மறைக்கிறார்களா என்று கேட்டீர்கள். தடுப்புச் சிகிச்சை ஒரே ஊசியாக இல்லாததால்தான் அது உங்கள் கண்ணில் படவில்லை. அது நாலு இடத்தில், நாலு பேர் கையில் நடக்கிறது. அதில் பாதி, உங்கள் கணவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்பே முடிந்திருக்கும்.

முதலில் தானம் தருபவரின் ஐசியூ. குடும்பத்தார் சம்மதித்த பிறகு அவருக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் மெத்தில்பிரெட்னிசோலோன் போடுவது பல இடங்களில் வழக்கம். வெண்டிலேட்டரில் சின்னச் சின்ன மூச்சாக, கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் அளவில், காற்றுப்பை மூடிக்கொள்ளாதபடி மூச்சின் முடிவிலும் 8 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அளவு அழுத்தம் நிறுத்திவைத்துக் கொடுப்பார்கள். மருந்தே இல்லாத இந்த ஒரு மாற்றத்தால், மாற்றுக்குத் தகுதியாகத் தேறும் நுரையீரல்களின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 54 ஆனதை 2010-இல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. எனக்குக் கேட்டால், எந்தப் புது ஊசியையும்விட இதைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

இரண்டாவது, பெட்டி. பொட்டாசியம் குறைந்த, டெக்ஸ்ட்ரான் சேர்ந்த திரவத்தால் நுரையீரலைக் கழுவிக் குளிரில் வைக்கிறார்கள். ஐஸில் நன்றாகப் புதைத்து வைப்பதுதான் நல்லது என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். 10 டிகிரி செல்சியஸில் வைத்தால் செல்கள் இன்னும் நன்றாகத் தாங்குகின்றன என்று கனடாவின் டொரோன்டோ குழு அண்மையில் காட்டியிருக்கிறது. சில மையங்களில் உறுப்பை உடல் வெப்பத்தில் ஒரு மெஷினில் வைத்து, ஸ்டீராய்டு கலந்த திரவத்தை ஓட்டி, மூச்சும் கொடுத்து நாலைந்து மணி நேரம் பரிசோதிப்பார்கள். எக்ஸ் விவோ பெர்ஃப்யூஷன் என்பார்கள். சந்தேகமான நுரையீரலைத் தேற்றிப் பார்க்க உதவும்.

மூன்றாவது அறுவை அரங்கு. இரத்தத்தைத் திறந்துவிடும் முன் உங்கள் கணவரின் நரம்பில் 500 முதல் 1000 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோன் போகும். நீங்கள் ஐந்து வாரமாகத் துளித்துளியாக ஏற்றிக்கொண்டிருப்பது, அந்த ஒரு மணி நேரத்தில் மொத்தமாகவே வந்துவிடுகிறது. நேரம் தப்பிக் கொடுத்ததால் தீமை மட்டும் மிஞ்சுகிறது. அதன் பிறகு, நுரையீரல் தமனியில் போட்ட கிளிப்பை ஒரேயடியாக எடுக்க மாட்டார்கள். பேச்சிப்பாறை அணையில் ஷட்டரை அங்குலம் அங்குலமாகத் தூக்குவதுபோல, சுமார் பத்து நிமிடம் எடுத்து மெல்லத் தளர்த்துவார்கள். அந்த நேரத்தில் மெஷின் ஆக்சிஜனையும் 30, 40 சதவீதத்தோடு நிறுத்தப் பார்ப்பார்கள். ஆக்சிஜன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்போம். இந்த இடத்தில் அது தப்பு, கூடக் கூட செல்களைச் சுடும் அந்த மூலக்கூறுகளும் அதிகம். இரத்தம் ஏற்றுவதும் முடிந்தவரை குறைவு. உங்கள் கணவருக்கு நுரையீரல் அழுத்தம் 34 என்பதால் அறுவையின்போது மெஷின் துணை தேவைப்படலாம். பழைய இதய-நுரையீரல் மெஷினா, இரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோவா என்று கேட்டுவையுங்கள். முன்னதில் பி.ஜி.டி. அதிகம் என்பதால் பல மையங்கள் எக்மோவுக்கு மாறிவிட்டன.

நான்காவது ஐசியூ. அங்கே சின்ன மூச்சு, அளந்து கொடுக்கும் நீர், அவ்வளவுதான். கண்ணாடி வழியாகப் பார்க்கும் உறவினர்கள் “ஒரு டிரிப்ஸ்கூட ஏற்றவில்லையே” என்று கோபப்படுவது வழக்கம். ஒழுகும் நுரையீரலுக்குக் கூடுதல் டிரிப்ஸ்தான் விஷம்.

அறுவையன்றும் நாலாம் நாளும் பேசிலிக்சிமாப் என்ற ஊசி 20 மில்லிகிராம் போடுவது பல மையங்களில் வழக்கம், பில்லில் விலையைப் பார்த்து இதுதான் அந்த ஊசியோ என்று நினைக்கத் தோன்றும். அது நிராகரிப்பைத் தடுப்பதற்கு.

4 லட்சம் ரூபாய் ஊசி

பி.ஜி.டி.யைத் தடுக்கவென்றே அங்கீகாரம் பெற்ற மருந்து எந்தக் கடையிலும் இல்லை. முயன்று பார்த்தவை நிறைய. நைட்ரிக் ஆக்சைடு வாயுவை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த டொரோன்டோ ஆய்வு 2003-இல் வெளிவந்தது. 84 பேரில், கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நோய் வந்த பிறகு ஆக்சிஜனை ஏற்றிப் பிடிக்க இன்றும் அந்த வாயு பயன்படுகிறது, தடுப்பாக இல்லை. காம்ப்ளிமென்டை அடக்கும் ஒரு புரதத்தை 2005-இல் ஒரு சிறு ஆய்வில் கொடுத்தபோது வெண்டிலேட்டரைச் சீக்கிரம் கழற்ற முடிந்தது. ஆனாலும் அது வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்னும் புரதம் பன்றி நுரையீரல்களில் நல்ல பலன் காட்டியது.

இவை ஏன் தடுமாறுகின்றன? காயத்துக்குப் பாதை ஒன்றல்ல. நியூட்ரோஃபிலை அடைத்தால் காம்ப்ளிமென்ட் வழியாக வரும். அதை அடைத்தால் வேறு வழி இருக்கிறது. தாமதமாகக் கொடுத்தாலே பலன் குறைந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்து அடைத்தால், தானம் தந்தவரின் நுரையீரலோடு வந்த கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். எலியிலும் பன்றியிலும் ஜெயித்த மருந்து மனிதரிடம் தோற்பதற்கு இதெல்லாம் காரணம்.

ஆகவே அந்த மனிதர் 4 லட்சத்துக்கு எதைத் தருவார் என்று யோசியுங்கள். வரும் குப்பியில் என்ன இருக்கிறது, வழியெல்லாம் குளிரில் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தாலும் எந்த மயக்க மருத்துவரும் அதை ஏற்ற மாட்டார். ஏற்றினால்தான் பயப்பட வேண்டும். அனுமதியில்லாத மருந்தை ஒரு நோயாளிக்காக வரவழைக்கச் சட்டத்தில் வழி உண்டு; சிகிச்சை தரும் மருத்துவரின் சீட்டும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். தரகர் வழி அதில் இல்லை.

ஆராய்ச்சியில் சேர விருப்பம் இருந்தால் வெளிப்படையாகக் கேளுங்கள்: “இங்கே பி.ஜி.டி. தடுப்புக்கு ஏதாவது கிளினிக்கல் டிரையல் நடக்கிறதா?” இந்தியாவில் நடக்கும் டிரையல்கள் சி.டி.ஆர்.ஐ. என்னும் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கலாம். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நடத்தக் கூடாது. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். டிரையலால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. ஆராய்ச்சி மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் பட்டியலில் இடம் பறிபோகாது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: டிரையலில் பாதிப் பேருக்கு அந்த மருந்தே கிடைக்காமல் போகலாம், யாருக்கு என்பது டாக்டருக்கும் தெரியாமலிருக்கலாம்.

புகைபிடித்தவரின் நுரையீரல்

தானம் தந்தவர் புகைபிடித்திருந்தால் பி.ஜி.டி. வாய்ப்பு கூடும், உண்மை. ஆனால் “வேண்டாம்” என்று சொல்லும்போது அதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பதிவுகளை வைத்து 2012-இல் வந்த ஆய்வில், புகைபிடித்தவர் நுரையீரல் வைத்தவர்களின் ஆயுள், புகைபிடிக்காதவர் நுரையீரல் வைத்தவர்களைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அதே சமயம், அதை மறுத்துப் பட்டியலில் காத்திருந்தவர்களைவிட அவர்கள் அதிகம் பிழைத்தார்கள். ஐ.எல்.டி.யும் அழுத்தம் 34-ம் உள்ளவருக்குக் காத்திருப்பு மலிவான விஷயமில்லை. எத்தனை வருடம் புகைத்தார், சிடி ஸ்கேனில் என்ன தெரிகிறது, ஆக்சிஜன் அளவு எப்படி என்று எடைபோடுவது அறுவை நிபுணரின் வேலை. மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தானம் தந்தவர் யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். தமிழகத்தில் உறுப்புப் பங்கீடு டிரான்ஸ்டான் என்னும் அரசு ஆணையம் வழியாகப் போகிறது. பணம் கொடுத்து முன்னால் போகலாம் என்று யாராவது சொன்னால், அவர் அந்த ஊசிக்காரரின் கூட்டாளியாகத்தான் இருப்பார்.

ஊரில் இருந்தே செய்ய வேண்டியவை

நான் மேலே சொன்ன 2013 ஆய்வில் பி.ஜி.டி.யைக் கூட்டும் காரணங்களில் நோயாளியின் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: எடை. 168 சென்டிமீட்டருக்கு 79 கிலோ என்றால் பி.எம்.ஐ. 28. அது 25-ஐத் தாண்டினாலே ஆபத்து கூடுகிறது. 70 கிலோவுக்கு வந்தால் 25-க்குக் கீழே. ஸ்டீராய்டு குறையும்போது பாதி வேலை தானாக நடக்கும். மீதிக்கு மரச்சீனியும் ஏத்தங்காய் சிப்ஸும் ராத்திரிச் சோறும் குறையட்டும். மீனைக் குறைக்காதீர்கள். சாளை, அயிலை எதுவானாலும் பொரிக்காமல் தேங்காய் குறைத்துக் குழம்பு வையுங்கள். முட்டையும் பயறும் சேரட்டும். பட்டினி போட்டு எடையைக் குறைத்தால் கரைவது தசைதான், அது இன்னும் கேடு. ஆக்சிஜனோடு தினம் இருவேளை நடக்கட்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 88-க்குக் கீழ் போகாதபடி, டாக்டர் எழுதித் தந்த அளவுக்குள் ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது, உங்கள் ஊர் ஆட்களுக்கு முக்கியமானது. ரப்பர் தோட்டத்தில் ஈரமண்ணில் செருப்பில்லாமல் வருடக்கணக்காக நடந்திருப்பார். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்றொரு நூல்புழு உள்ளங்கால் தோல் வழியே ஏறி, குடலில் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். அறுவையன்று போடும் பெரிய ஸ்டீராய்டில் அது கட்டவிழ்ந்து பெருகி, குடலைத் துளைத்து நுரையீரலுக்கு வரும். எக்ஸ்ரேயில் பார்த்தால் பி.ஜி.டி.யோ நிமோனியாவோ என்றுதான் தோன்றும். கண்டுபிடிக்கும் முன் உயிரே போகலாம். இத்தனைக்கும் முன்கூட்டியே எடைக்கேற்ற ஐவர்மெக்டின் மாத்திரையில் தீரக்கூடியது. “தோட்ட வேலை, வெறுங்கால்” என்று அவர் வாயாலேயே குழுவிடம் சொல்லச் சொல்லுங்கள். 40 மில்லிகிராமிலேயே அது கிளம்பலாம் என்பதால் தாமதிக்க வேண்டாம். மலப் பரிசோதனை, கிரியாட்டினின், சர்க்கரை எல்லாம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்த்து ரிசல்ட்டைச் சென்னைக்கு அனுப்பலாம். பழைய காசநோய், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது என்றால் அதையும் சொல்லுங்கள். எப்போதாவது இரத்தம் ஏற்றியிருந்தால் அதுவும் தெரிய வேண்டும். அந்நிய இரத்தத்தால் உண்டாகும் ஆன்டிபாடிகள் பொருத்தத்தைச் சிக்கலாக்கும்.

பிறகு தூரம். மார்த்தாண்டத்திலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர், ரயிலில் ஒரு ராத்திரி. நுரையீரல் உடம்புக்கு வெளியே சாதாரணமாக ஆறு மணி நேரத்துக்குள், சற்றுக் கூடினாலும் அதையொட்டி, பொருத்தப்பட வேண்டும். திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கம்தானே என்பீர்கள். ஆக்சிஜன் போட்ட பயணிக்கு விமான நிறுவனம் முன்கூட்டியே மருத்துவப் படிவம் கேட்கும், சொந்த சிலிண்டரை ஏற்ற விடாது; நடுராத்திரி அழைப்பு வந்தால் அது நடக்கிற காரியமில்லை. அந்த 4 லட்சம் கைவசம் உண்டென்றால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாடகை வீடு எடுங்கள், கான்சன்ட்ரேட்டருக்கு இன்வெர்ட்டர் வையுங்கள். அழைப்பு வந்ததும் எதுவும் சாப்பிடாமல் கிளம்புங்கள். போன பிறகு “இந்த நுரையீரல் சரியில்லை” என்று திருப்பி அனுப்புவதும் நடக்கும், ஒருமுறைக்கு மேலும் நடக்கலாம். அதுவும் பி.ஜி.டி. தடுப்பில் சேர்ந்ததுதான்.

வந்துவிட்டால்

இத்தனைக்குப் பிறகும் வரலாம், யார் தவறும் இல்லாமல். அப்போது ஐசியூ டாக்டரிடம் “எப்படி இருக்கிறார்” என்று கேட்டால் “ஸ்டேபிள்” என்ற பதில்தான் கிடைக்கும். “இன்றைக்குக் கிரேடு எத்தனை, நேற்று எத்தனை?” என்று கேளுங்கள். கூடவே, அதேபோலத் தோற்றம் காட்டும் மற்றவை விலக்கப்பட்டனவா என்றும் கேட்கலாம். தைத்த நுரையீரல் சிரையில் அடைப்பு இருந்தால் உணவுக்குழாய் வழி எக்கோவில் தெரியும், அதற்கு உடனே திறந்து சரிசெய்ய வேண்டும். ஆன்டிபாடியால் வரும் நிராகரிப்புக்கு இரத்தப் பரிசோதனை, கிருமிக்கு, மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பிரான்கோஸ்கோப்பி.

கிரேடு 3 இறங்காவிட்டால் எக்மோ வைப்பார்கள். இரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின். புது நுரையீரலுக்கு ஓய்வு கிடைக்கும், நாலைந்து நாளில் தேறிவிடுபவர்கள் பலர். கடைசி முயற்சியாக இழுத்தடித்து வைப்பதைவிட முன்னதாக வைத்தால் பலன் நல்லது. அந்த முடிவுக்கு உங்களிடம் கையெழுத்து கேட்கும்போது நேரம் இருக்காது. ஆகவே அடுத்த ஓபி வருகையிலேயே மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நிலையில் எக்மோ தொடங்குவீர்கள், நாளொன்றுக்குச் செலவு என்ன, பேக்கேஜில் எத்தனை நாள் அடங்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். திட்டத்தின் பொது வரம்பு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். எஞ்சியதற்கு வழி பார்க்க நேரம் வேண்டும்.

உங்கள் நுரையீரலில் பாதி

உயிரோடிருப்பவர் நுரையீரலின் ஒரு பகுதியைத் தருவது உலகில் நடக்கிறது, பெரும்பாலும் ஜப்பானில். ஒருவர் போதாது; இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கீழ்மடலைத் தர வேண்டும், நோயாளியின் உடம்பளவுக்கு அது போதுமானதாகவும் இருக்க வேண்டும். வெட்டிக் கொடுத்தது மறுபடி வளராது, தந்தவர் ஆயுள் முழுக்கக் குறைந்த மூச்சோடு இருக்க வேண்டும். இரத்தம் நின்று மறுபடி பாய்வது அதிலும் உண்டு என்பதால், பி.ஜி.டி.யே வராது என்றும் சொல்ல முடியாது. நம் நாட்டில் நுரையீரல் மாற்று என்றால் நடைமுறையில் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்துதான்.

பட்டியலுக்கான படிவத்தில் “உடனிருந்து கவனிப்பவர்” என்று ஒரு பெயர் கேட்டிருப்பார்கள். யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். குவைத்தில் இருக்கும் தம்பி பெயரைப் போட்டிருந்தால் மாற்றி உங்கள் பெயரை எழுதுங்கள். டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளி தவறாமல் கொடுப்பது, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும் பம்பளிமாஸ் பழம் வீட்டுக்குள் வராமல் பார்ப்பது, தினம் ஸ்பைரோமீட்டர் என்னும் மூச்சளக்கும் கருவியில் ஊதவைத்து எண்ணைக் குறிப்பது எல்லாம் அந்த ஆள் கற்றுக்கொள்ள வேண்டியவை. சென்னைக்குப் போகும்முன் நீங்களும் பிள்ளைகளும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.